வீணை தனம்மாள்

புத்தளக் கடற்கரையைச் சார்ந்த கரைத்தீவிலே, இரவு வேளையில் அமைதியாக அமர்ந்திருப்போர்க்கு அலையின் ஒலி வேறு, ஓலையிற் பாயுங் காற்றின் ஒலி வேறு எனப் பிரித்தறிதல் எளிது. பேரொலிக்கே பழகிய செவி அவ்வேற்றுமையை உணராது. இசையை நுகர்தற்கும் அமைதியிற் பழகிய செவியே வேண்டும். அத்தகைய செவியைத் தம்மிடம் வந்தோரிடமெல்லாம் எதிர்பார்த்தவர் வீணை தனம்மாள். அவ்வம்மையாரின் வரலாற்றை நம் கல்லூரியின் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் அறிதல் நன்று.

தனம்மாள் 1867-ஆம் ஆண்டிற் பிறந்தார். அவர்தம் பாட்டியார் காமாட்சியம்மாள் தஞ்சை அரசவையோடு தொடர்புடைய ஆடற்கலைஞர். அன்னையார் சுந்தரம்மாள் இசைவல்லவர். இளமையிலேயே வாய்ப்பாட்டும் வீணையும் பயின்ற தனம்மாள், சாத்தனூர் பஞ்சநதையரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளையும், கண்பார்வையற்ற இசைஞரான பாலதாஸ் நாயுடுவிடம் க்ஷேத்ரக்ஞரின் பதங்களையும் கற்றுத் தேர்ந்தார்.

வீணையில் ஏழு தந்திகள் உள. அவற்றுள் நான்கு இசைக்குரியன, மூன்று தாளத்துக்குரியன. மெட்டுகள் இருபத்து நான்கு. வீணை வாசிப்போர் பலர் விரலிற் கவசம் அணிந்து மீட்டுவர். தனம்மாளோ அதனை அணியாது, நகத்தாலும் விரல் நுனியாலுமே மீட்டினார். ஒலி மெலிந்தது, நுட்பம் மிகுந்தது. வாசிக்கும்போதே தாமும் மெல்லப் பாடுவதுண்டு.

சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவர்தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் இசை நிகழும். பெரும்பாலும் மிருதங்கத் துணையும் இராது. வித்துவான்களும் சுவைஞர்களும் பேச்சற்று அமர்ந்திருப்பர். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ எனும் நான்கு நரம்புக்கருவிகளைக் கொண்டு சிறு கூடத்தில் வாசிக்கும் இசையை மேனாட்டார் பெரிதும் போற்றுவர். சிலர் மட்டுமே அருகிருந்து கேட்டு நுகரும் அவ்வகை இசைக்கு, நம் மரபில் இவ்வெள்ளிக்கிழமை அவையே தலைசிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஆயினும் புகழ் வறுமையைத் தடுக்கவில்லை. முதுமையிற் பொருள் வளங் குன்றியது, கண்பார்வையும் மங்கியது. அவர் பிறந்த குலத்துக் கலைமகளிரைச் சமூகம் இழித்துரைத்த காலமும் அது. இசையை எளிதாக்கிப் பெருங்கூட்டத்தை ஈர்த்துப் பொருளீட்டும் வழி திறந்தே இருந்தது. அவ்வழியை அவர் நாடவில்லை. 1938-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவ்விசை முற்றும் அழிந்துவிடாது காத்தவை இரண்டு. ஒன்று, 1930-களில் பதிவான சில இசைத்தட்டுகள். அரக்காலான அத்தட்டின் ஒரு புறம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். நாள் முழுதும் வாசித்தற்குரிய இராகம் அச்சிறு காலத்துள் அடங்க வேண்டியதாயிற்று. முதன்முறை கேட்கும் நமக்கு ஊசியின் இரைச்சலே பெரிதாகப் புலப்படும். மறுமுறை கேட்குங்கால், ஒருமுறை மீட்டிய தந்தியை இடக்கை விரல் பக்கவாட்டில் இழுக்க, மீண்டும் மீட்டாமலே சுரம் வளைந்து சென்று மற்றொரு சுரத்தை எட்டுதல் தெரியும். மூன்றாம் முறை, சுரங்களுக்கு இடையே அவர் விட்ட அமைதியும் இசையின் ஒரு பகுதியே என்பது விளங்கும். வெள்ளிக்கிழமை அவையினர் பேச்சற்று இருந்தமையின் காரணமும் அப்போதே நமக்குப் புலனாகும்.

மற்றொன்று, அவர்தம் வழித்தோன்றல்கள். பேர்த்தியருள் தி. பிருந்தாவும் தி. முக்தாவும் பதங்களைப் பேணினர், தி. பாலசரசுவதி பரதநாட்டியத்தின் பெருமையை உலகறியச் செய்தார், பேரர் தி. விசுவநாதன் குழலிசையிற் சிறந்து அமெரிக்காவிலும் கற்பித்தார். இழித்துரைக்கப்பட்ட குலத்தின் கலையே நாட்டின் பெருஞ்செல்வமாயிற்று.

இசைத்தட்டு கருவி மட்டுமே. அதற்கு உயிரளிப்பது கேட்போனின் கவனமாகும். ஆதலின் மாணவர்காள், ஒருநாள் மாலை மூன்று நிமிடம் பேச்சொழிந்து அவ்வீணையைக் கேண்மின். ஒருமுறை கேட்டு அமையாது மூன்று முறை கேண்மின். அம்மையார்க்கு நாம் செலுத்தத்தக்க காணிக்கை இதனினும் வேறில்லை.