இரண்டாம் துளஜாஜி

இரண்டாம் துளஜாஜி (1738–1787) தஞ்சாவூரை ஆண்ட மராத்திய போன்சலே மரபு மன்னர்களுள் ஒருவர் ஆவார். தந்தை பிரதாப் சிங்கிற்குப் பின் 1763 இல் அரியணை ஏறினார்.

பதவி இழப்பும் மீட்பும்

1773 இல் ஆற்காடு நவாப் முகம்மது அலி, கிழக்கிந்தியக் கம்பனிப் படையின் துணையுடன் தஞ்சையைக் கைப்பற்றி இவரைச் சிறைவைத்தார். 1776 இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபு இவரை மீண்டும் மன்னராக்கினார். எனினும் கோட்டையில் கம்பனிப் படை நிறுத்தப்பட்டது. அதன் செலவுக்கு ஆண்டுதோறும் 4 இலட்சம் வராகன் செலுத்த வேண்டியதாயிற்று.

ஐதர் அலியின் படையெடுப்பு

இரண்டாம் ஆங்கிலேய-மைசூர்ப் போரின்போது, 1781 இல், ஐதர் அலியின் படைகள் தஞ்சைக் கோட்டை நீங்கலாக நாட்டின் பெரும்பகுதியைக் கைப்பற்றின. பயிர்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கவரப்பட்டன, சிறுவர் உட்படப் பலர் மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திருக்காட்டுப்பள்ளியில் பிரியும் குடமுருட்டி முதலான காவிரியின் கிளையாறுகளை நம்பியிருந்த நெல் வேளாண்மை சீர்குலைந்து, பஞ்சம் ஏற்பட்டது. கோட்டையில் உணவு தீர்ந்தபோது அதிகாரிகளை நம்ப மறுத்த உழவர்கள், சமயப் போதகர் சுவார்ட்சின் உறுதிமொழியை ஏற்றே தானியம் கொண்டுவந்தனர். இக்காலம் மக்கள் வழக்கில் 'ஐதர் கலாபம்' எனப்பட்டது.

மறைவு

துளஜாஜி 1787 இல் காலமானார். இவருக்குப் பின் அமர்சிங் ஆட்சிக்கு வந்தார். இவரது வளர்ப்பு மகனான இரண்டாம் சரபோஜி, 1798 இல் மன்னராகி, 1799 இல் நாட்டின் நிருவாகத்தைக் கம்பனியிடம் ஒப்படைத்தார்.