ஸர் ஜகதீச சந்திர போஸ்

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் நம் தலைக்குமேல் எண்ணிறந்த மின்னலைகள் ஒரே வெளியில், ஒரே சமயத்தில் சென்றுகொண்டிருக்கின்றன. எனினும் ஒன்றன் செய்தியை மற்றொன்றினின்று பிரித்து அறிகின்றோம். அவ்வலைகளின் குணங்களை நம் தேசத்திலேயே ஆராய்ந்து கண்ட பெரியார் ஸர் ஜகதீச சந்திர போஸ் ஆவர்.

இவர் 1858-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி வங்காளத்திற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகஸ்தராயிருந்தும், மைந்தனை முதலில் தாய்மொழிப் பாடசாலைக்கே அனுப்பினார். பின்னர் ஜகதீசர் கல்கத்தா ஸெயின்ட் ஸேவியர் கலாசாலையில் லாபோன் பாதிரியாரிடம் பௌதிக சாஸ்திரம் பயின்றார். அப்பால் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் கற்றுப் பட்டம் பெற்று மீண்டார்.

1885-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் ஆசிரியரானார். இந்தியர் என்னுங் காரணத்தால் ஐரோப்பிய ஆசிரியரினும் குறைந்த சம்பளமே இவருக்கு விதிக்கப்பட்டது. இவர் வேலையை விடவில்லை, சம்பளத்தையும் தொடவில்லை. மூன்று வருஷம் ஊதியமின்றியே கற்பித்தார். முடிவில் முழுச் சம்பளமும் முன் தேதி முதலே அளிக்கப்பட்டது.

ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஒரு சிற்றறையே. கருவிகளை உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரைக்கொண்டு செய்வித்து, ஐந்து மில்லிமீட்டர் நீளமேயுள்ள மின்னலைகளை எழுப்பினார். 1895-ல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, தூரத்திலிருந்த மணியை ஒலிப்பித்து, வெடிமருந்தையும் வெடிப்பித்தார்.

ஒரு ரயில்வே அட்டவணைப் புத்தகமும் இவருக்குக் கருவியாயிற்று. அலை அதிருந் திசைக்கு இணையாக ஏடுகள் நின்றால் அலை பெரிதும் தடைப்படும். குறுக்காகத் திருப்பினால் கடந்து செல்லும். ஆதலின் ஒரே நீளமுள்ள இரண்டு அலைகளும் குறுக்குத் திசைகளில் அதிருமாயின் அவற்றைப் பிரித்தறியலாம். இத்தத்துவத்தைக்கொண்டே இந்நாளில் செயற்கைக் கோள்கள் ஒரே அலைநீளத்தில் இருவேறு செய்திகளை அனுப்புகின்றன.

1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கினார். பின்பு தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917-ல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, 1937-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி காலமானார்.

இக்காலத்து மாணவர் கம்பியில்லா வலையமைப்பைக் கணிப்பொறியிற் பாவனையாக அமைக்குங்கால், அதன் அலைவழிகள் ஒன்றையொன்று சிறிதும் தீண்டா எனக் கொள்ளுதல் எளிது. மெய்யுலகிலோ ஒன்றன் அலை அடுத்ததிற் சிறிதேனுங் கசியும். அக்கசிவு எவ்வளவென்று அளந்து கணக்கிற் சேர்த்தாலன்றி விடை மெய்யாகாது. கொள்கையோடு நில்லாது, ஏட்டைத் திருப்பித் திருப்பி அளந்து பார்த்த இப்பெரியாரின் பொறுமையே நமக்கு வேண்டுவது.