பசுவும் கன்றும் தந்த கவிமணி

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையவர்கள் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் தோன்றினார். தேரூர் அன்று திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. ஆதலின் பள்ளியில் அவர் பயின்றது மலையாளம். தமிழை ஊட்டியவர் திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்த சாந்தலிங்கத் தம்பிரான். பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் இதை எவரும் வியப்பாகக் கேட்பதில்லை. பிழைப்புக்காகத் தென்காசிப் பக்கத்திலிருந்து பாறசாலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்றே நானும் வளர்ந்தேன். எழுத்தறியும் முன்பே என் நாவில் ஏறிய தமிழ்ப்பாட்டு அவருடைய 'பசுவும் கன்றும்'.

ஆசிரியப் பணியில் பல்லாண்டுகள் கழித்து 1931இல் ஓய்வு பெற்றார். ஆசிய ஜோதியும் உமர் கய்யாமும் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. மருமக்கள்வழி மான்மியமோ ஊராரைச் சிரிக்க வைத்தே சுட்டது. மக்கட்பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் தமிழ்க் குழந்தைகளுக்கு அவரைப் போல் பாடியவர் யார்?

நண்பர்களே, இயற்பியல் மாணவனுக்கு யாப்பில் என்ன வேலை என்பீர்கள். அந்தப் பாட்டு எட்டே அடிதான். சிந்து நடை, ஈரடிக்கு ஒரு தனிச்சொல். முதலடி பசுவில் முடியும், அடுத்தது கன்றில் முடியும். இந்த இயைபு நான்கு முறையும் பிசகுவதில்லை. ஒவ்வோர் இணையிலும் அடிகள் மோனையால் கைகோக்கின்றன. எதுகையைத் தேடினேன், இல்லை! மழலையின் செவி முதலெழுத்தைத்தான் முதலில் பிடிக்கும் என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தார் போலும். வினைமுற்றுகளோ நம் பேச்சுவழக்கு.

சுவைக்கு வருவோம். தாயன்பு என்ற சொல் பாட்டில் எங்குமே இல்லை. தொடக்கத்தில் பசு ஒருபுறம் மேய, கன்று ஒருபுறம் துள்ளுகிறது. அடுத்து அழைப்பு, ஓட்டம். பிறகு நாவின் தீண்டல். கடைசியில் மடியில் முட்டல். இணைக்கு இணை இடைவெளி குறைந்து சுழியாகிறது. உணர்ச்சியை இவ்வாறு தூரத்தால் அளந்த பாட்டு வேறொன்றை நான் கண்டதில்லை.

1954 ஆகஸ்டு 11இல் தெற்கெல்லைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 26இல் கவிமணி மறைந்தார். 1956 நவம்பர் முதல் நாள் தேரூர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் அப்பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். அதிலும் மோனை கெடவில்லை, எழுதிப் பார்த்தேன்.