கோர்ட்டுக்குத் தமிழ் கொடுத்த முன்சீப்

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்றதும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். தமிழில் வெளிவந்த முதல் நாவல் அது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சங்கீதப் பிரியர்கள் அவருடைய கீர்த்தனைகளை அறிவார்கள். ஆனால் அந்த நாவல் வெளிவருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அவர் செய்து முடித்த ஒரு பெரிய காரியத்தை அறிந்தவர்கள் குறைவு. இங்கிலீஷில் கிடந்த மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சாதாரண ஜனங்களும் படித்தறியும்படி தமிழில் அச்சிட்டுக் கொடுத்தவர் அவர்.

குளத்தூர்ப் பிள்ளை

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11-ந் தேதி வேதநாயகம் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம். திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தமிழறிஞர் ஒருவரிடம் தமிழையும் இங்கிலீஷையும் பிழையறக் கற்றார்.

1848-ல் கோர்ட்டிலேயே ரெக்கார்டு கீப்பர் வேலை கிடைத்தது. கட்டுக் கட்டாகக் காகிதங்களைப் பாதுகாக்கிற வேலை அது. பார்வைக்குச் சிறிய உத்தியோகம்தான். ஆனால் எந்தக் கட்டில் யாருடைய நிலமும் யாருடைய வீடும் அடங்கியிருக்கிறது என்பது ரெக்கார்டு குமாஸ்தாவுக்குத் தெரிகிற அளவுக்கு மேலதிகாரிக்குத் தெரியாது.

1850-ல் அவர் மொழிபெயர்ப்பாளர் ஆனார். சாட்சி சொல்வது தமிழில். அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் துரைக்குத் தெரிந்தது இங்கிலீஷ். இரண்டுக்கும் நடுவே நிற்பவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே. ஒத்தி என்று சாட்சி சொன்னதைக் கிரயம் என்று அவர் எழுதிவிட்டால், அடமானம் வைத்த நிலம் விற்ற நிலமாகிவிடும். ஒரு குடும்பத்தின் சோறு ஒரு சொல்லில் தொங்குகிறது என்பதைப் பிள்ளையவர்கள் தினந்தோறும் பார்த்திருப்பார். பின்னாளில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது.

முன்சீப் உத்தியோகம்

பரீட்சையில் தேறி, 1857-ல் தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப் ஆனார். டேனிஷ்காரர்களிடமிருந்து 1845-ல் கம்பெனியார் விலைக்கு வாங்கிய ஊர் அது. பிறகு சீர்காழியிலும், தொடர்ந்து மாயூரத்திலும் வேலை பார்த்தார். மாயூரத்தில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்ததால் ஊர்ப்பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சிவில் வழக்குகளில் முன்சீப் கோர்ட்டுதான் கீழ்ப்படி. ஜில்லா ஜட்ஜையும் சென்னைக் கோர்ட்டையும் கண்ணால் காணாத குடியானவன்கூட முன்சீப் கோர்ட்டுப் படியை மிதித்திருப்பான். பாகப்பிரிவினை, கடன், வரப்புத் தகராறு, தத்து எடுத்த வழக்கு எல்லாம் முதலில் வருவது அங்கேதான். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் நேர்மையானவராகவும், கட்சிக்காரர் பேசுவதைப் புரிந்துகொள்கிறவராகவும் இருந்துவிட்டால் ஜனங்களுக்குப் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். வேதநாயகம் பிள்ளை அப்படிப்பட்டவர். 1859-ல் வெளியிட்ட ‘நீதிநூ’லில் உத்தியோகஸ்தர்கள் வாங்கும் லஞ்சத்தை அவர் கடுமையாகக் கண்டித்துப் பாடியிருக்கிறார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே உத்தியோகஸ்தர்களின் குற்றத்தைப் பாடுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

சித்தாந்த சங்கிரகம்

ஒரு வழக்கில் மேல்கோர்ட்டார் சொன்ன முடிவு, அதே மாதிரி வழக்குகளுக்கெல்லாம் வழிகாட்டியாகிவிடும். சட்டப் புத்தகத்தைப் போலவே பழைய தீர்ப்புகளுக்கும் பலம் உண்டு. அந்நாளில் சென்னையில் சதர் அதாலத்து என்ற மேல்கோர்ட்டு இருந்தது. ஜில்லாக்களிலிருந்து அப்பீல்கள் அங்கேதான் போகும். அதன் தீர்ப்புகள் அச்சாகி வந்தது இங்கிலீஷில். தமிழ் ஜில்லாவில் நடக்கும் வழக்கில் தமிழ்க் கட்சிக்காரன் ஜெயிப்பதும் தோற்பதும், அவன் எழுத்துக்கூட்டியும் படிக்க முடியாத ஒரு புத்தகத்தில் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்தவர் சொன்னதுதான் சட்டம் என்று ஆயிற்று. தோற்கிற வழக்கு என்று தெரியாமலே காணியை விற்றுச் செலவு செய்தவர்களும், ஜெயிக்கக்கூடிய வழக்கைப் பயந்து கைவிட்டவர்களும் இதனால் எத்தனை பேரோ!

இந்தக் கதவைத்தான் பிள்ளையவர்கள் திறந்தார். 1805 முதல் 1861 வரை சதர் கோர்ட்டார் செய்த தீர்ப்புகளைத் தொகுத்து, சுருக்கி, தமிழில் பெயர்த்து, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1862-ல் வெளியிட்டார். ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளை, முன்சீப் வேலையையும் பார்த்துக்கொண்டு, ஒருவராக மொழிபெயர்ப்பது எளிய காரியமன்று. சட்டச் சொற்களுக்குத் தமிழில் அகராதி ஏதும் எதிரே விரித்து வைத்திருக்கவில்லை. திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக உழைத்த பழக்கம் இங்கே கைகொடுத்தது. அதே 1862-ல்தான் சதர் கோர்ட்டு எடுபட்டுச் சென்னை ஹைகோர்ட்டு ஏற்பட்டது. புதிய கோர்ட்டு வந்த பிறகும் அடுத்த ஆண்டுத் தீர்ப்புகளை அவர் தமிழில் தந்தார்.

இதில் ஒரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலேயே ஒரு காலத்தில் கோர்ட்டு வாதம் பிரெஞ்சில் நடந்துவந்தது. என்ன பேசுகிறார்கள் என்று ஜனங்களுக்கு விளங்கவில்லை என்பதால், இனி இங்கிலீஷில் வாதிக்க வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் செய்தது 1362-ல். சரியாக ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, இங்கிலீஷ்காரர் ஆட்சியில், இங்கிலீஷுக்குப் பதில் தமிழ் வேண்டும் என்று செய்து காட்டினார் ஒரு முன்சீப்.

நாவலிலும் அதே கவலை

1872-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. நாம் வாழும் மைசூர்ச் சீமையிலும் லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்ட பஞ்சம் அது. மாயூரத்தில் பிள்ளையவர்கள் தம் கைப்பொருளைக் கொண்டு கஞ்சி வார்த்துப் பலரைக் காப்பாற்றினார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது ‘குளத்தூர்க் கோவை’ பாடியிருக்கிறார். திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நண்பர். கிறிஸ்தவரான அவர் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ எழுதியதில் ஆச்சரியம் என்ன?

1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம் வந்தது. கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் ஒரு நாட்டுக்கே அரசனாகி நீதியைச் சீர்படுத்துகிறாள். அந்த நாவலில் வக்கீல்களையும் அவர் சும்மா விடவில்லை. ஊரும் தமிழ் ஊர், ஜட்ஜும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரரும் தமிழர் என்றிருக்கும்போது வாதம் மட்டும் ஏன் இங்கிலீஷில் நடக்க வேண்டும் என்று கேலியும் வருத்தமுமாகக் கேட்கிறார். தன் வழக்கில் தனக்காக என்ன பேசினார்கள் என்று தெரியாமல் வீடு திரும்பும் கட்சிக்காரனின் நிலைதான் அவரை உறுத்தியது. 1889 ஜூலை 21-ந் தேதி அவர் காலமானார்.

நமக்கு என்ன?

அவர் தொடங்கிய வேலை மெல்ல மெல்லத்தான் நடக்கிறது. 1976-ல் அரசியல் சாசனத்தில் 39-ஏ பிரிவு சேர்ந்து, ஏழைக்கு இலவசச் சட்ட உதவி தருவது அரசின் கடமை என்றாயிற்று. அதற்கான சட்டம் 1987-ல் நிறைவேறி, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகள் 2019 முதல் இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு வருகின்றன; தமிழும் கன்னடமும் அவற்றில் உண்டு. ஒரு முன்சீப் தனியாகச் செய்ததை இத்தனை காலம் கழித்து நாட்டின் தலைமைக் கோர்ட்டு கையில் எடுத்திருக்கிறது.

கர்நாடகத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் இதில் ஒன்றை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளையவர்கள் கேட்டது, அந்தந்த ஊர் ஜனங்களின் பாஷையில் நீதி என்பது. அதன்படி பார்த்தால் இங்கே கீழ்க்கோர்ட்டுகளில் கன்னடம் வழங்குவது முழு நியாயம். நம் பிள்ளைகள் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதே நமக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் சந்துகளில், பேச்சுக் கன்னடம் நன்றாக வந்தாலும் எழுத்து தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். கோர்ட்டு நோட்டீசை வாங்கி, படித்துச் சொல்ல ஆளில்லாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. தவணை நாள் தப்பினால் எதிர்க்கட்சிக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவர்கள் தரகர்களிடம் போக வேண்டியதில்லை. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், உடல் ஊனமுற்றோர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கும் வருமான வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும். மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். கிரிமினல் வழக்கில் சாட்சி சொல்வது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத பாஷையில் இருந்தால், அவருக்குப் புரியும் பாஷையில் கோர்ட்டிலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். லோக் அதாலத்தில் சமாதானமாக முடிந்த வழக்குக்கு அப்பீல் இல்லை. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பி வரும்.

நோட்டீசு வந்த அன்றே அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து விவரம் அறிய வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் அக்கம்பக்கத்தாருக்கு அலுக்காமல் படித்துச் சொல்ல வேண்டும். ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தந்த பெரியவரின் பெயரால், ஒரு பக்க நோட்டீசைத் தமிழில் சொல்லிக் கொடுப்பது நம்மால் ஆகாத காரியமா?