நாவு கட்டுண்ட நாட்கள்

தொழுகிறோம், நோன்பு நோற்கிறோம். ஆயினும் எதற்காக வாழ்கிறோம் என்னும் வெறுமை சில வேளைகளில் நம் நெஞ்சைக் கவ்வுகிறது. ஈமானில் குறை என்று பிறர் எண்ணுவரோ என அஞ்சி, வெளியில் சொல்லவும் தயங்குகிறோம். மார்க்கக் கல்வியின் உச்சியில் வீற்றிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கே இந்நிலை நேர்ந்தது.

ஹிஜ்ரி 450ல் (கி.பி. 1058) குராசானின் தூஸ் நகரில் பிறந்த அன்னார், நைசாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். ஹிஜ்ரி 484ல் வஸீர் நிஜாமுல் முல்க் அன்னாரைப் பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் ஆசிரியராக நியமித்தார். 300 மாணவர்கள் பாடம் கேட்டனர். புகழுக்குக் குறைவில்லை.

ஆனால் இமாம் அவர்கள் தம் நிய்யத்தைத் தாமே உரைத்துப் பார்த்தார்கள். பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பேருக்காகவா? பேருக்காகவே என்று உள்ளம் சாட்சி சொல்லிற்று. பதவியை விடக் காலையில் துணிவார்கள். மாலையில் அத்துணிவு கரைந்துவிடும். ஹிஜ்ரி 488 (கி.பி. 1095) ரஜப் முதல் ஏறத்தாழ 6 மாதங்கள் இந்தப் போராட்டம். முடிவில் நாவு கட்டுண்டது. பாடம் சொல்ல ஒரு வார்த்தை எழவில்லை. உணவும் இறங்கவில்லை. நோய் கல்பில் இருக்கிறது, மருந்தால் தீராது என்று மருத்துவர்கள் கைவிட்டனர். செய்வதறியாத இமாம் அவர்கள் அல்லாஹ்விடமே அழுது சரணடைந்தார்கள். பதவியும் பொருளும் அதன்பின் பாரமாகத் தோன்றவில்லை, எளிதாக உதறினார்கள்.

பிள்ளைகளுக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மற்றதைப் பங்கிட்டுக் கொடுத்து, பக்தாதை நீங்கினார்கள். டமாஸ்கஸ் பள்ளிவாசல் மினாராவில் கதவடைத்துத் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றார்கள், ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். பின்னர் பிள்ளைகளின் பாசம் அழைக்க, ஊர் திரும்பினார்கள்.

ஹிஜ்ரி 499ல் நைசாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். வெளியில் பார்த்தால் பழைய தொழில்தான். ஆனால் முன்பு புகழைத் தேடித் தரும் கல்வியைப் போதித்தவர்கள், இப்போது புகழைத் துறக்கச் செய்யும் கல்வியின்பால் அழைத்தார்கள். மாறியது வேலையன்று, நிய்யத்து. ஹிஜ்ரி 505ல் (கி.பி. 1111) தூஸிலேயே வபாத்தானார்கள்.

நாம் வீட்டைத் துறக்க வேண்டியதில்லை. அடுப்படியிலும் கடையிலும் அன்றாடம் செய்யும் வேலையை யாருக்காகச் செய்கிறோம் என்று ஒருகணம் கேட்டுக்கொள்வோம். வெறுமை வந்தால் அஞ்ச வேண்டாம். அது கல்பு நம்மைத் தட்டியெழுப்பும் ஓசையாகவும் இருக்கலாம். அல்லாஹ் நமக்கு இக்லாஸைத் தந்தருள்வானாக! ஆமீன்.