தாயாரின் கப்ரை ஜியாரத் செய்த பயணி

மொராக்கோவின் வடமுனையில், ஜலசந்தியின் கரையிலுள்ள பழம்பெரும் துறைமுகம் தன்ஜா; இன்று டாஞ்சியர் என்பர். இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 703இல் (கி.பி. 1304) அங்கு காஜிகளின் குடும்பத்தில் பிறந்தார்கள். 1325இல், 21 வயதில், பெற்றோரைப் பிரிந்து ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியே புறப்பட்டார்கள். அப்பிரிவின் வேதனையைத் தம் ரிஹ்லாவில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்கள்.

ஹஜ்ஜோடு பயணம் நிற்கவில்லை. டில்லியிலும் மாலத்தீவிலும் காஜிப் பதவி, இலங்கையில் பாவா ஆதம் மலை, நம் மதுரை, பின்னர் சீனா. இவற்றைப் பலரும் எழுதிவிட்டனர். மதரஸா நாட்களில் நாமும் இவற்றையே வியந்து படித்தோம். அவர்கள் ஊர் திரும்பிய பக்கங்களை ஏனோ விரைந்து கடந்துவிட்டோம்.

1348இல் டமாஸ்கஸில் ஒருவர் மூலம், தந்தையார் வஃபாத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டதையும் தாயார் உயிருடன் இருப்பதையும் அறிந்தார்கள். அவ்வாண்டு கொள்ளைநோய் நாடுகளையெல்லாம் வாரிக்கொண்டிருந்தது. 1349இல் தாயகத்தை அடைந்து, ஃபாஸ் நகரை நோக்கிச் செல்லும் வழியில், தாஸா என்ற ஊரில் அடுத்த செய்தி காத்திருந்தது. தாயாரையும் அந்நோய் கொண்டுபோயிருந்தது.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் தன்ஜாவுக்குள் நுழைந்தவர்கள் தாயாரின் கப்ரை ஜியாரத் செய்தார்கள். சொந்த ஊரில் நிலைத்துத் தங்கவில்லை. சப்தா துறைமுகம் சென்று, சில மாதங்கள் நோயுற்றிருந்து, அங்கிருந்து அந்தலூஸுக்குக் கப்பலேறினார்கள்.