தமிழ் பேசிய மருத்துவர் கிறீன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

நோய் தீர மருந்து மட்டும் போதாது. வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் காட்டினார். இந்த நான்கையும் இணைப்பது எது? மொழியன்றோ! மருத்துவர் கூறுவது நோயாளிக்கும் அவரைப் பேணுபவருக்கும் புரியாவிட்டால், எவ்வளவு உயர்ந்த மருந்தும் பாதி வழியில் நின்றுவிடும். இந்த உண்மையை நன்கு உணர்ந்து, அதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் தமிழ் மண்ணில் பிறந்தவரல்லர், அமெரிக்கர். அவர்தாம் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

இளமையும் கடல் பயணமும்

கிறீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஊஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் அது. அவருடைய அண்ணன் ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் உருவாகப் பெரிதும் உழைத்தவர். அண்ணன் மாநகரை அமைக்கப் புறப்பட்டார்; தம்பியோ மருத்துவம் கற்று 1845-இல் நியூயார்க்கில் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற கையோடு பெரிய நகரில் தொழில் தொடங்கிப் பொருள் ஈட்டியிருக்கலாம். ஆனால் அவர் மனம் கீழ்த்திசையை நாடியது. 1847-இல் கப்பலேறி, அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

அமெரிக்க இலங்கை மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பின் சார்பில் சமயப் பணிக்காகவே அவர் வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு முன்பே 1820-இல் அதே மிஷனின் சார்பில் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர். இந்தப் பெயரை நம் வட ஆர்க்காட்டுப் பகுதியினர் அறிவர். அவர் மகன் சைலஸ் ஸ்கடர் இராணிப்பேட்டையிலும், பேத்தி ஐடா ஸ்கடர் வேலூரிலும் மருத்துவமனை கண்டவர்கள். ஆரணியிலிருந்து பேருந்து ஏறி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நம் ஊரார்க்கும் கிறீனுக்கும் இப்படி ஒரு தொலைதூர உறவு இருக்கிறது.

மானிப்பாய் மருத்துவமனை

யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் கிறீன் தம் பணியை நிலைநிறுத்தினார். ஒரே ஒரு மருத்துவர் எத்தனை பேரைத்தான் பார்க்க முடியும்? ஆகவே 1848-இல் உள்ளூர் இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மேலை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870-இல்தான். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்க் கிராமத்தில் மேலை மருத்துவ வகுப்பு நடந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியாகும்.

தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. கிறீன் விரைவிலேயே ஒரு குறையைக் கண்டார். ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்கள் அரசு வேலையையும் நல்ல சம்பளத்தையும் நாடி ஊரை விட்டுப் போயினர். கிராமமோ பழையபடி மருத்துவரின்றிக் கிடந்தது. ஊரில் தங்கி, ஊராரிடம் அவர்கள் மொழியில் பேசி, நோய் தீர்க்கும் மருத்துவர்களை உருவாக்க வேண்டுமானால் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1857-இல் தாயகம் சென்று, 1862-இல் மனைவியுடன் திரும்பி வந்த அவர், 1864-இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

நூல்கள் பிறந்த கதை

வகுப்பு தொடங்கிவிடலாம், புத்தகத்திற்கு எங்கே போவது? கிறீன் தாமே தமிழ் கற்றவர். தம் மாணவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டு, அந்நாளில் ஆங்கிலத்தில் சிறந்து விளங்கிய மருத்துவ நூல்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். 1857-இல் 'பிரசவ வைத்தியம்', 1867-இல் 'இரண வைத்தியம்', 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்', அதே ஆண்டில் 'வைத்தியாகரம்', 1875-இல் 'கெமிஸ்தம்', 1883-இல் 'மனுஷ சுகரணம்' என நூல்கள் வரிசையாக வெளிவந்தன. அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியல். சுகரணம் என்பது உடலியங்கியல். கெமிஸ்தம் எது என்று நான் சொல்ல வேண்டுமா? நம் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு அன்று அவர் சூட்டிய பெயர்!

சொல்லாக்கத்தில் அவர் ஒரு முறையைக் கைக்கொண்டார். முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடுவார். கிடைக்காவிட்டால் வடசொல்லை நாடுவார். அதுவும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். அவர் ஆக்கிய சொற்களுட் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் சொல் கிடைக்கவில்லை என்று சொல்லி அவர் வேலையை நிறுத்தவில்லை. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

இரண வைத்தியம்

இந்நூல்களுள் என் மனத்தைப் பெரிதும் ஈர்த்தது 'இரண வைத்தியம்'. இராபர்ட் டுரூயிட் என்னும் ஆங்கில மருத்துவர் அறுவை மருத்துவம் பற்றி எழுதிய நூலின் தமிழ் வடிவம் இது. இது வெளிவந்த 1867-இல்தான் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணில் கிருமி சேராமல் காக்கும் முறையை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன் திறமையாகச் செய்த அறுவையிலும் புண் சீழ்பிடித்து மாண்டவர் பலர். அன்று தையலுக்குப் பயன்பட்ட நூல்களில் பட்டும் ஒன்று. நம் ஆரணித் தறியில் சேலையாகும் அதே பட்டு! சாயமேற்றும் முன் பட்டை வேகவைத்து நாம் பசை நீக்குகிறோம் அல்லவா? தையலுக்கான பட்டிலும் அந்தப் பசையை நீக்கிவிடுகிறார்கள். இன்று தோலில் பெரும்பாலும் நைலான் போன்ற செயற்கை இழைகளையே பயன்படுத்துகின்றனர்.

தையல் போடுவது மருத்துவரின் வேலை. அதைக் காப்பது வீட்டாரின் வேலை. முதல் ஒரு நாள், இரண்டு நாள் புண் நனையக்கூடாது. பிறகு சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு மெல்லக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். சாம்பல், காப்பித்தூள், எண்ணெய் எதையும் அப்பக்கூடாது. முகத்துத் தையலை ஏறத்தாழ 5 நாளிலும், கை கால் தையலை 10 முதல் 14 நாளிலும் பிரிப்பார்கள். சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தையலைப் பிரித்துவிட்டதாலேயே புண் உறுதியாகிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. ஒரு வாரத்தில் புதிய தோலின் வலிமை பழைய தோலின் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. மூன்று மாதத்திற்குப் பின்னும் 100-க்கு 80 பங்குதான். அறுந்த பாவு இழையை முடிந்தவுடன் இழுத்துப் பார்க்கும் நெசவாளி இல்லை. உடம்புக்கும் அதே நிதானம் வேண்டும்.

இவை யாவும் எளிய செய்திகளே. ஆனால் எத்தனை வீடுகளில் தெரியும்? என் தந்தையார் தறி நெய்பவர். ஒருமுறை உள்ளங்கையில் காயம்பட்டு ஓர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். அதில் எல்லாம் ஆங்கிலம். வாயால் விளக்கிச் சொன்னவர் யாருமில்லை. கூலி போய்விடுமே என்று மூன்றாம் நாளே தறியில் இறங்கினார், தையல் விட்டுப்போயிற்று. மீண்டும் தையல், மேலும் இரண்டு வாரம் வருமானமில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தபோது, அதிலிருந்த நான்கு வரியையும் தமிழில் எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எண்ணினேன். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அயல்நாட்டார் ஒரு முழு நூலையே எழுதித் தந்திருக்கிறாரே!

இறுதிக் காலம்

1873-இல் கிறீன் தாயகம் திரும்பினார். அதற்குள் 60-க்கும் மேற்பட்ட இளைஞர்களை மருத்துவர்களாக்கியிருந்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள். ஊஸ்டரில் இருந்தபடியே தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தும் பணியைத் தொடர்ந்தார். சுற்றிலும் தமிழ் பேச ஓர் ஆள் இல்லாத ஊரில், கடல் கடந்து வரும் கைப்படிகளைப் பார்த்துக்கொண்டு ஒரு முதியவர் அமர்ந்திருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள்! 1884-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழர்களுக்குப் பணி செய்த மருத்துவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயரால் கிறீன் நினைவு மருத்துவமனை விளங்குகிறது.

அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. மருத்துவப் பட்டம் பெறப் பெரும்பாலும் ஆங்கிலம் வேண்டும் என்பதே இன்றைய நிலை. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து, இங்கே ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் நம்மில் பலருக்கு அதன் தேவையும் தெரியும், அதன் சுமையும் தெரியும். ஆனால் கற்றதை நம் வீட்டுக்கும் தெருவுக்கும் தமிழில் எடுத்துச் சொல்ல எந்த ஆணைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நாளை நம்மில் சிலர் செவிலியராகலாம், மருந்தாளுநராகலாம், ஆய்வக உதவியாளராகலாம், ஆசிரியராகலாம். எதிரே நிற்பவருக்குப் புரிகிறதா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, புரியும்வரை சொல்வோம். கிறீன் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.

வாழ்க அவர் புகழ்!